புதிய மொழியும் பராமரிப்பாளர் சுமையும்

மனிதன் மனிதனோடு பேச மொழி வேண்டும். கணிப்பொறிக்கு ஆணையிடவும் மொழி வேண்டும். அம்மொழியில் வரிவரியாக எழுதப்படும் ஆணைகளின் தொகுப்பையே நிரல் என்கிறோம். நன்கு இயங்கிவரும் பெரியதொரு நிரலில் புதிய மொழி ஒன்று நுழைய முற்பட்டால் எதிர்ப்பு எழுவது ஏன்? “பழைமைப் பிடிப்பு” என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் உளர். அவ்விடை போதாது என்பதை லினக்ஸ் கெர்னலின் வரலாற்றைக் கொண்டு விளக்க விழைகிறேன்.

சி மொழியும் ரஸ்ட் மொழியும்

பொறியின் உறுப்புகளுக்கும் நாம் இயக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று பணியாற்றும் அடிப்படை நிரலே கெர்னல். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியையே அவர் கையாண்டார். இன்று அது சுமார் 4 கோடி வரிகளாக வளர்ந்துள்ளது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அதன்மீதே இயங்குகிறது.

சி மொழி விரைவானது; ஆனால் நினைவகத்தைக் காக்கும் பொறுப்பை முழுவதும் எழுதுபவரிடமே விட்டுவிடுகிறது. திருப்பித் தந்துவிட்ட நினைவக இடத்தை மறதியாக மீண்டும் பயன்படுத்தினால், அந்தப் பிழை வழியே பகைவர் புகலாம். தம் நிரல்களின் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், 2020இல் குரோமியம் குழுவினரும் தெரிவித்தனர்.

இதற்கு மாற்றாக வந்ததே ரஸ்ட். 2006இல் கிரேடன் ஹோர் தொடங்கிய இம்மொழியின் முதல் நிலைத்த பதிப்பு 2015இல் வெளிவந்தது. ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உரிமையாளர்தான் உண்டு என்பது இதன் விதி. விதியை மீறிய நிரலை மொழிமாற்றி ஏற்க மறுத்துவிடும். பிழை ஓடும்போதன்று, பிறக்கும்போதே பிடிபடுகிறது! 2022 டிசம்பரில் வெளியான 6.1ஆம் பதிப்பில் ரஸ்டுக்குச் சோதனை முறையில் இடம் தரப்பட்டது.

சுமை யார் தோளில்?

இத்துணை நன்மை இருந்தும் தயக்கம் ஏன்? கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் உண்டு. பிறர் எழுதி அனுப்புவதைப் படித்து, குறை கண்டு, ஏற்பதோ மறுப்பதோ அவர் கடமை. 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றிலும் 10,000க்கு மேற்பட்ட மாற்றங்கள்! எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடலாம். பழுது வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் பராமரிப்பாளரே. ஏரிக்கு மதகு கட்டியவர் ஊர் திரும்பிவிடுவார். மழை இரவில் மதகைக் காப்பவர் மடைக்காரர் அல்லவா?

கெர்னலில் ஒரு மரபுண்டு. உட்பகுதி இணைப்பு முறை ஒன்றை மாற்றுபவரே, அதைப் பயன்படுத்தும் இடங்களையெல்லாம் திருத்தித் தர வேண்டும். சி நிரலை ரஸ்ட் நிரல் பயன்படுத்த இடைத்தளம் ஒன்று தேவை. சி பகுதி மாறினால் அந்த இடைத்தளமும் முறியும். அப்போது சி மட்டுமே அறிந்தவர் என் செய்வார்? புது மொழி கற்க வேண்டும். இன்றேல் அதை அறிந்தவருக்காகக் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பின் ஆணிவேர் இதுவே என்பது என் கருத்து.

2025 தொடக்கத்தில் இது வெளிப்படையாக வெடித்தது. கருவிகள் நினைவகத்தை நேரே அணுக உதவும் பகுதியின் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் ஹெல்விக், அதற்கான ரஸ்ட் இடைத்தளத்தை எதிர்த்தார். அது தனி இடத்தில் வைக்கப்படும், நாங்களே பராமரிப்போம் என்று எழுதியோர் கூறினர். இருமொழி நிரல் முழுத் திட்டத்துக்குமே சுமை என்பது அவர் வாதம். ரஸ்டை விரும்பாதவர் அதைக் கவனிக்க வேண்டியதில்லை; ஆனால் பிறர் தம் நிரலைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் தீர்ப்புரைத்தார். அம்மாதமே ஹெல்விக் அப்பொறுப்பிலிருந்து விலகினார். முன்னதாக 2024 ஆகஸ்டில், ரஸ்ட் தரப்பின் முன்னணியாளரான வெட்சன் அல்மெய்டா ஃபில்யோவும் நுட்பம் சாராத பூசல்களால் சோர்ந்து விலகியிருந்தார். இரு தரப்பும் தேர்ந்த ஆட்களை இழந்தன. 2025 டிசம்பரில் பராமரிப்பாளர் கூட்டத்தில், ரஸ்ட் இனிச் சோதனை அன்று என முடிவாயிற்று.

முடிவுரை

எந்த மொழி சிறந்தது என்பது பாதிக் கேள்வியே. நாளை பழுது பார்ப்பவர் யார் என்பதே மறுபாதி. அதே வேளையில், சுமை கூடும் என்று பழைய பிழைகளை அப்படியே விட்டாலும், அவற்றைத் திருத்தும் பாடு அதே பராமரிப்பாளர் தலையில்தான் விழும். எனவே புதுமையைக் கொணர்பவர் நிரலோடு உழைப்பையும் கொணர வேண்டும். காவல் நிற்பவரும் வாயிலை அடைத்துவிடாது பொறுப்பைப் பங்கிட்டுத் தர வேண்டும். நாளை நிரல் எழுதப் புகும் நாம், எழுதுவதோடு பராமரிப்பதையும் பெருமைக்குரிய பணியாகக் கொள்வோமாக!