ஒரே பெயர், வேறு வேலை

கேள்வி: ஜிசிசி கம்பைலர் கையேட்டில் ஃபங்ஷன் அட்ரிப்யூட்டுகளை பிராசசர் வாரியாகப் பிரித்து எழுதியிருப்பது ஏன்?
– வாசகர், வேடந்தாங்கல்

பதில்: பெயர் ஒன்றாக இருந்தாலும் பிராசசருக்குப் பிராசசர் அதன் வேலை மாறுவதுதான் முக்கியக் காரணம். உதாரணமாக, சென்னை ஐஐடி வடிவமைத்த ‘சக்தி’ பிராசசர், ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. அதற்கு நிரல் எழுதுவோர் பார்க்க வேண்டியது கையேட்டின் ரிஸ்க்-ஃபைவ் பகுதியை. அங்கே ‘இன்டரப்ட்’ என்ற அட்ரிப்யூட்டால் குறித்த ஃபங்ஷன், தான் தொடும் ரிஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் வழக்கமான ‘ரெட்’ கட்டளைக்குப் பதில் ‘எம்ரெட்’ கட்டளையோடு திரும்பும். அடைப்புக்குள் ‘சூப்பர்வைசர்’ என்று கொடுத்தால் ‘எஸ்ரெட்’. எதுவும் கொடுக்காவிட்டால் ‘மெஷின்’ என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்னத் தகவலைக் கையேடு விட்டுவிட்டால், நிரல் எழுதுபவர் தவறான கட்டளையோடு நாள்கணக்கில் மல்லுக்கட்ட நேரும்.

பள்ளி மாணவர்கள்கூடப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் இருப்பது ஏவிஆர் சிப். அதில் அதே ‘இன்டரப்ட்’, ஃபங்ஷன் தொடங்கியதுமே மற்ற இன்டரப்ட்டுகளுக்கும் வழிதிறந்துவிடும். அது வேண்டாமென்றால் ‘சிக்னல்’ என்று குறிக்க வேண்டும். ஆர்ம் பகுதியில் விதிகள் இன்னும் வேறு.

ஒரு சிப்புக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்கு மாற்றுபவர்கள், புதிய சிப்புக்கான பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.