பாட்டிலைவிட்டு வெளியே வந்த ஆர்க்கிட் நாற்றுகள்

கேள்வி: ஃபெலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற சின்ன ஆர்க்கிட்டின் நாற்றுகளை இரண்டு கண்ணாடி பாட்டில்களில் வாங்கினேன். ஒன்றைத் திறந்து, நாற்றுகளைத் தென்னைநார்த்தூள் நிரப்பிய தொட்டியில் நட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலைகள் துவண்டன. பிறகு அடி கறுத்துப் பாதி நாற்றுகள் அழுகிவிட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா? அடுத்த பாட்டிலை எப்போது திறக்கலாம்? எங்கள் ஊரில் இது பூக்குமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பூக்கும், அந்தக் கவலையே வேண்டாம். பிலிப்பைன்ஸின் தாழ்வான காடுகளில், ஆற்றோர மரங்களில் தொற்றி வளரும் செடி இது. மலைக்குளிர் கேட்காது. உங்கள் ஊர் வெப்பம் இதற்கு ஒத்துப்போகும்.

நாற்றுகள் துவண்டதற்குக் காரணம் வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருப்பது. ஆர்க்கிட் விதைக்குள் சேமித்த உணவு அநேகமாகக் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சைதான் அதற்கு ஊட்டி முளைக்க வைக்கிறது. அந்தப் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகர் ஜெல்லியில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். பாட்டில் நாற்றுகள் அந்த வழியில் வந்தவை. மூடிய பாட்டிலுக்குள் எந்நேரமும் ஈரக்காற்று. அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது. இலைத்துளைகளும் சரியாக மூடாது. வெளியே எடுத்ததும் இலை வேகமாக நீரை இழக்கிறது. வாடுகிறதே என்று நாம் தண்ணீர் ஊற்ற, காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. தென்னைநார்த்தூள் இறுகி நீரைப் பிடித்துக்கொள்வதால் மரத்தில் வாழும் வேருக்கு அது ஆகாது. வேரில் ஜெல்லி ஒட்டியிருந்தால் அதிலுள்ள சர்க்கரை பூஞ்சணத்தையும் வரவழைக்கும்.

மிச்சமிருப்பவற்றை இன்றே பிடுங்கி, கறுத்ததை எறிந்துவிடுங்கள். உறுதியாக இருப்பவற்றின் வேரை வெதுவெதுப்பான நீரில் ஜெல்லி துளியும் இல்லாமல் அலசுங்கள். பொடியாக நறுக்கிய மரப்பட்டையோடு கொஞ்சம் அடுப்புக்கரி, ஒரு பிடி ஸ்பேக்னம் பாசி கலந்து, அடியில் ஓட்டையுள்ள ஆழமில்லாத தொட்டியில் எல்லாவற்றையும் சேர்த்தே நடுங்கள். சிறு நாற்றுகள் நெருக்கமாக இருந்தால் நன்றாக வரும். தொட்டியை, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் மட்டும் கூடாது. மூடிய டப்பாவில் வெயில் பட்டால் நாற்று வெந்துவிடும். ஒரு வாரம் கழித்து மூடியைச் சற்றே விலக்குங்கள். பிறகு வாரத்துக்கு வாரம் இடைவெளியைக் கூட்டி, ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் மூடியை எடுத்துவிடலாம். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

தண்ணீர் எப்போது என்பதை வேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நனைந்த வேர் பச்சையாக இருக்கும். காய்ந்தால் வெள்ளி நிறமாகும். வெளுத்த பிறகு, காலையில் ஊற்றுங்கள். இலைகள் கூடும் குருத்தில் நீர் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒரே குருத்தை நம்பி வளரும் செடி, அது அழுகினால் பெரும்பாலும் செடியே போய்விடும். மழைநீர் உத்தமம். உப்புத் தண்ணீர் வேர்நுனியைக் கருக்கும். நுனியில் புதுப் பச்சை தெரிந்த பிறகு, உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது பாட்டிலை ஜூனில், தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் திறங்கள். காற்றே ஈரமாக இருக்கும், உங்கள் வேலை பாதி குறையும். அதற்குள் ஜெல்லி கறுத்து இலைகள் மஞ்சளானாலோ, பூஞ்சணம் தெரிந்தாலோ காத்திருக்காமல் திறந்துவிடுங்கள்.

பூவுக்கு இரண்டு, மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். சுமார் ஒரு அங்குல அகலத்தில் இளஞ்சிவப்புப் பூக்கள் வரிசையாக விரியும். பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். இந்த இனம் அதே தண்டில் மறுபடி பூக்கும். கணுவில் குட்டிச் செடியும் விடும். குட்டிக்கு இரண்டு, மூன்று வேர் விரல் நீளம் வந்த பிறகு வெட்டித் தனியே நடலாம்.