வெண்டி கற்பித்த பாடம்

க.பொ.த. சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் நான் விரும்பிக் கற்ற பாடம். மண் வகைகளை அட்டவணைப்படுத்தச் சொன்னால் மளமளவென்று எழுதிவிடுவேன். ஆனால், அதுவரை ஒரு வெண்டி விதையைக்கூட என் கையால் ஊன்றியதில்லை.

2022 ஜூன் மாதம் ஊன்ற வேண்டி வந்தது. பரீட்சை முடிந்து வீட்டிலிருந்தேன். எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. சந்தையில் மரக்கறி விலையைக் கேட்டுவிட்டு உம்மா பாதிப் பையோடு திரும்பிய காலம் அது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். எழுதுவினைஞரான வாப்பா முதல் வெள்ளியன்று ஜும்ஆவுக்கு முன்பே வளவின் மூலையைக் கொத்தித் தந்தார். "மிச்சத்த நீ பாரு மகள், நீதானே படிச்ச புள்ள" என்றார்.

படித்த பிள்ளை செய்த வேலையைக் கேளுங்கள். பக்கத்து வளவிலிருந்து அன்றைய பச்சைச் சாணத்தை அள்ளி வந்து குழிகளில் போட்டேன். அதன்மேல் இருபத்துநான்கு விதைகளை விரல் ஆழத்தில் புதைத்தேன். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். முளைத்தவை ஐந்து. அவற்றிலும் நான்கு ஓரம் கருகிச் செத்தன. அந்த விதைப் பைக்கற்றுக்கு உம்மா கொடுத்த காசு வீட்டில் சும்மா கிடந்த காசல்ல. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மூத்தம்மா படிக்கட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் சுபஹுக்குப் பின் என்னைக் கூப்பிட்டு, "மண்ணுக்குள்ள விரல வெச்சிப் பாரு புள்ள" என்றார். வைத்தேன். மேலே காய்ந்திருந்தது, இரண்டாவது கணு வரை போனதும் சொதசொதவென்று ஈரம். "கீழ ஈரம் இரிக்கக்குள்ள ஏன் ஊத்துற? கண்ணுக்குக் காஞ்சது வேருக்குக் காஞ்சதா?"

எங்கள் ஊர் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டு. மணலின் துணிக்கைகள் பெரியவை, இடைவெளிகளும் பெரியவை. அதனால் ஊற்றும் தண்ணீர் விரைவாகக் கீழிறங்கும். போகும்போது போசணையையும் கரைத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்குக் கச்சான் காற்று மேல் மண்ணை வறட்டிவிடும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதியவள்தான் நான். ஆனால் அந்த மணல் எங்கள் வளவில் கிடப்பது என்று தோன்றவில்லை. மணலுக்கு வேண்டியது வாளிக்கணக்கில் தண்ணீரல்ல, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சேதனப் பொருள். உக்கிய எருவும் கூட்டுப்பசளையும் அந்த வேலையைச் செய்யும். பச்சைச் சாணமோ உக்கும்போது சூடாகும், அமோனியாவும் வெளிவிடும். இளம் வேர் அதைத் தாங்காது.

இரண்டாம் முறை, பிடித்தால் பொலபொலவென்று உதிரும் பழைய எருவைத் தேடிக் கலந்தேன். மண்வாசனை வந்தால் உக்கிவிட்டது, சாணி நாற்றம் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அதன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் மட்டும் ஊன்றினேன். குழிக்கு இரண்டு விதை. முளைத்த பின் நலிந்ததைப் பிடுங்காமல் கத்தரித்துவிட வேண்டும், பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். சுற்றிலும் சருகு பரப்பினேன். வுழூ செய்யும் தண்ணீரை வாப்பா ஒரு ஓடை வெட்டி வாழையடிக்குத் திருப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் முளை தெரிந்தது. ஒன்றரை மாதத்தில் மஞ்சள் பூ. பூ விழுந்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் டக்கென்று முறியும் பதம் அது. ஆசைக்கு விட்டுவைத்தால் காய் நாராவதோடு செடியும் புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். முதல் பறிப்பில் பதினொரு வெண்டிக்காய். உம்மா பால்கறி வைத்தார்.

கொச்சிக்காய் இவ்வளவு இலகுவாக வசப்படவில்லை. இலை சுருண்டபோது தண்ணீர் போதாது என்றே மீண்டும் நினைத்தேன். மூத்தம்மா இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பொதுவாக இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, சவர்க்கார நீரில் வேப்பெண்ணெய் கலந்து மாலை வேளையில் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன். பத்துக் கன்றில் ஆறு தேறின. நான்கு போயின, அவற்றுக்காக இப்போதும் எனக்கு மனவருத்தம் உண்டு.

மூத்தம்மாவால் இப்போது படியிறங்க முடிவதில்லை. இருந்த இடத்திலிருந்தே "விரல் வெச்சிப் பாத்தியா?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை நின்றுவிட்டது. பயற்றங்கொடிக்கு இந்தக் கிழமை பந்தல் போட வேண்டும், கம்புகளை நானே வெட்டி வைத்திருக்கிறேன்.