நீராவி யந்திரமும் குதிரைச் சக்தியும்

கிணற்றுக்குப் பம்பு வாங்குவோர் முதலிற் கேட்பது, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதே. அவ்வளவு இன்னதென்று அறியாமல் கடன்பட்டு யந்திரம் வாங்குதல், படியளவு தெரியாமல் நெல் விற்பதை ஒக்கும்.

இவ்வளவை வகுத்தவர் ஜேம்ஸ் வாட். நீராவி யந்திரத்தை முதன்முதற் செய்தவர் அவரல்லர். 1712-லேயே நியூகோமன் என்பவரின் யந்திரம் இங்கிலாந்தில் சுரங்க நீரை இறைத்தது. நீராவியைத் தனிப் பாத்திரத்திற் குளிரச் செய்து நிலக்கரிச் செலவைக் குறைத்தது வாட்டின் சிறப்பு; அதற்கு 1769-ல் உரிமை பெற்றார். அக்காலத்து ஆலைகளிற் குதிரைகள் செக்கு மாடுபோலச் சுற்றி வேலை செய்தன. தம் யந்திரம் எத்தனை குதிரைக்கு ஈடென்று ஆலைக்காரருக்கு விளக்கவேண்டி, 33,000 ராத்தல் எடையை ஒரு நிமிஷத்தில் ஓரடி உயர்த்துவது ஒரு குதிரைச் சக்தி என அவர் ஏற்படுத்தினார். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் இவ்வளவு வேலை செய்யமாட்டாது.

ஆகவே சக்தியை அளக்க எடை, உயரம், காலம் ஆகிய மூன்றும் வேண்டும். ஒரு காலன் நீரின் எடை 10 ராத்தல். 33 அடி ஆழக் கிணற்றிலிருந்து நிமிஷத்திற்கு 100 காலன் இறைத்தால், அது சரியாக ஒரு குதிரைச் சக்தியாகும். அதே கிணற்றில், முன்னாளில் ஒரு ஜோடி மாடு கமலை இழுத்து, 30 காலன் பிடிக்கும் சாலை நிமிஷத்திற்கு ஒரு முறை ஏற்றியிருந்தால், நீரை உயர்த்தச் செலவான சக்தி மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவே.

நீராவி, அருவி, மின்சாரம் யாவற்றிற்கும் இவ்வளவு பொருந்தும். 1876-ல் தூத்துக்குடிக்கு வந்த ரயிலும், 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை பங்குதாரரைச் சேர்த்து நிறுவிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்களும் நீராவியால் ஓடின. பாபநாசத்திலோ நிலக்கரி வேண்டியதில்லை; மலையிலிருந்து விழும் தாமிரபரணி நீரே 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்த ஹார்வி பஞ்சாலைக்குச் சக்தி அளித்தது. 1944-ல் அவ்விடத்து நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது.

மின்சாரத்தின் சக்தியை அளக்கும் அளவு வாட்டின் பெயரையே கொண்டுள்ளது. 746 வாட் ஒரு குதிரைச் சக்தி. 1,000 வாட் வீதம் ஒரு மணி நேரம் செலவாயின் ஒரு யூனிட். குதிரைச் சக்தி வேலையின் வேகத்தைக் காட்டும்; யூனிட் செய்து முடித்த வேலையைக் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

பம்பிலும் குழாயிலும் சக்தி வீணாவதுண்டு. பாதி வீணாகுமெனக் கொண்டால், 33 அடியிலிருந்து நிமிஷத்திற்கு 150 காலன் இறைக்க 3 குதிரைச் சக்தி போதும். கிணற்றில் ஊற்று அவ்வளவு நீர் தாராவிடின், 10 குதிரைச் சக்தி யந்திரம் வைத்தாலும் கிணறு விரைவில் வற்றுமேயன்றி நீர் பெருகாது, பெருகுவது கடனே.

ஆகையால் ஐக்கிய சங்கத்தில் பம்புக்குக் கடன் கோரும் அங்கத்தினர், கோடையில் நீர்மட்டத்தின் ஆழத்தையும், ஒரு மணியில் ஊறும் நீரையும் முதலில் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். யந்திரத்தின் அளவை அக்கணக்கே நிர்ணயிக்கும்.