தவணை வண்டியை இடையில் முடிக்க நினைப்பவர் கவனத்திற்கு

நம் மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு 'குட்டி யானை'யோ, லோடு ஆட்டோவோ நிற்கிறது. திருவண்ணாமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் சரக்கெடுத்து வரவும், கல்வராயன் மலை ஊர்களுக்குச் சரக்குப் போடவும் வண்டி அவசியமாகிவிட்டது. பெரும்பாலும் தவணையில் எடுத்த வண்டிகளே. இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் கரும்புப் பணம் ஊரில் புழங்கும் மாதங்களில் டியூ கட்டுவது சுலபம். கடன் பாக்கி வசூலாகாத மாதங்களில் அதே டியூ கழுத்தை இறுக்கும். அப்போதுதான் "வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் தொல்லை தீரும்" என்ற எண்ணம் வருகிறது. அது சரிதானா என்பதை இங்கே பார்ப்போம்.

வாடகையா, கடனா?

வாடகைக்கு எடுத்த பொருளைத் திருப்பித் தரலாம். கடனை அடைக்கத்தான் வேண்டும். நம்மிடம் இருப்பது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1895ல் ஒரு பியானோ வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. மாதத் தவணையில் பியானோ எடுத்தவர் அதை அடகு வைத்துவிட்டார். எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தந்து விலகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், அவர் வாடகைதாரரே தவிர, வாங்கச் சம்மதித்தவர் அல்ல என்றும், அடகு செல்லாது என்றும் தீர்ப்பானது. 'ஹையர் பர்ச்சேஸ்' முறைக்கு அடிப்படையான தீர்ப்பு இது.

நம் நாட்டில் 1972ல் ஒரு வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது. இடையில் முடித்துக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே 2005ல் நீக்கப்பட்டது. எனவே நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். இன்று வண்டிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வண்டியை ஈடாகக் கொண்ட கடன்களே. வண்டியை ஒப்படைத்தால் அதை விற்று வந்த தொகையைக் கழித்துக்கொண்டு, குறையும் தொகையை நம்மிடம் கேட்பார்கள். நாம் கொடுக்காவிட்டால் ஜாமீன் போட்டவரிடம் கேட்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒன்றே.

காரை லீசுக்கு எடுத்திருந்தால் உரிமையாளர் கம்பெனிதான், வண்டியைத் திருப்பலாம். ஆனால் மீதி மாதங்களின் வாடகையில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள்

5,00,000 ரூபாய் கடன், 48 மாதம், குறையும் பாக்கிக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 13,167 ரூபாய். (இதையே "6.6 சதவீதம் பிளாட்" என்று சொல்லி விற்பார்கள். கேட்கக் குறைவாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றே.)

24 தவணை கட்டியபின் அசல் பாக்கி சுமார் 2,79,710 ரூபாய். தொடர்ந்து கட்டினால் 3,16,008 ரூபாய் ஆகும். வித்தியாசம் சுமார் 36,300. முன்கூட்டி முடிக்க 4 சதவீதக் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் 13,200 ரூபாய் ஆகும். அதைக் கொடுத்தாலும் 23,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

அதே கடனை 42 தவணை கட்டியபின் முடித்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 2,700 ரூபாய்தான். கட்டணமோ 3,600 ரூபாய். கைப்பணத்தையும் கொடுத்து, 900 ரூபாய் நட்டமும் அடைகிறோம்! முன்பாதியில் முடித்தால் லாபம், கடைசி மாதங்களில் முடித்தால் நட்டம் என்பதை மனதில் வையுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிகள்

2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு, தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்காக வாங்கியிருந்தாலும், வணிக வங்கிகள் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் வண்டிக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் உள்ளவை. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் கடன் வாங்கும்போது தரப்படும் முக்கிய விவரத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாததைப் பிறகு கேட்க முடியாது.

முறையாக வெளியேறும் வழி

1. முதலில் எழுத்து மூலம் முடிவுக் கணக்குக் கேளுங்கள். அசல், வட்டி, கட்டணம், தாமத அபராதம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் வேண்டும்.

2. கையில் பணமில்லையென்றால், வாங்குபவரைப் பிடித்து, அவர் பணத்தை நேரே ஃபைனான்ஸ் கணக்கில் கட்டச் செய்து கடனை முடியுங்கள். நாமே விற்றால் ஏலத்தைவிட நல்ல விலைக்கு வழியுண்டு.

3. "மீதி டியூவை நீ கட்டிக்கொள்" என்று வாய்ப்பேச்சில் வண்டியை யாரிடமும் விடாதீர்கள். உறவினரானாலும் விடக் கூடாது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்து நட்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி மலைப்பாதையில் ஒருவர்மீது மோதினால், அந்தத் தொகை நம் கடையையே விழுங்கிவிடும். ஃபைனான்ஸ் சம்மதத்துடன் பெயர் மாற்றம் செய்த பிறகே வண்டி கைமாற வேண்டும்.

4. பணம் கட்டியதும் ரசீது, நிலுவையில்லாச் சான்று, ஃபைனான்ஸ் கையெழுத்திட்ட படிவம் 35 ஆகியவற்றைப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எச்.பி. ரத்து செய்யுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபைனான்ஸ் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

5. கொடுத்து வைத்த செக்குகளைத் திரும்ப வாங்குங்கள். வங்கியில் தானியங்கித் தவணைப் பிடிப்பையும் நிறுத்தச் செய்யுங்கள்.

தவணை தவறியவரின் வண்டியானாலும் அடியாட்களை வைத்துப் பறிப்பது கூடாது, சட்டப்படிதான் வசூலிக்க வேண்டும் என்று 2007ல் உச்ச நீதிமன்றம் கண்டித்துள்ளது. பயந்து ஒளிவதைவிட, இரண்டு தவணை தவறுமுன் நேரில் சென்று பேசுவது நல்லது. சரக்கு வாங்கும்போது எடையும் விலையும் பார்க்கும் நாம், வண்டிப் பத்திரத்திலும் அதே கண்ணோடு பார்ப்போமானால் பல குடும்பங்களின் முதல் காப்பாற்றப்படும்.