ஆப்பிரிக்கா செல்லும் நம் இளைஞர்க்கு

நூற்பாலைகளாலும் இயந்திரத் தொழிற்சாலைகளாலும் பேர்பெற்ற கோயமுத்தூரிலிருந்தும், பின்னலாடைக்குப் புகழ்பெற்ற திருப்பூரிலிருந்தும் தொழில் நிமித்தமாகக் கடல்கடந்து செல்வோர் பலர். அவருள் கென்யா, உகாண்டா, எதியோப்பியா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோரும் உளர். நம் கல்லூரியினின்று பட்டம் பெற்று வெளியேறுவோர்க்கும் அவ்வழி திறந்தே இருக்கின்றது. ஆதலின் அப்பிரயாணத்திற்கு வேண்டிய முன்னேற்பாடுகளை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பது பயனுடைத்தாகும்.

அந்நாடுகளுக்குப் புறப்படும் இளைஞன் இருவகை மொழிகளைக் கேட்பான். வீட்டிலுள்ள முதியோர், "சிங்கம் திரியும் சீமையாயிற்றே, கண்ணு!" என்று கலங்குவர். நண்பரோ, "அதுவும் நம் நாட்டைப் போன்றதொரு நாடுதானே, வெயிலும் கொசுவும் நமக்குப் புதியனவா?" என்று ஊக்குவர். முன்னது வேண்டாத அச்சம். பின்னது வேண்டாத துணிவு. இவ்விரண்டனுள் உயிருக்கு உலைவைப்பது பின்னதே என்பதை நன்கு உணர்தல் வேண்டும்.

இதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அவ்வேலைக்கு இந்தியாவினின்று ஏறக்குறைய 32,000 தொழிலாளர் சென்றனர். அவருட் பெரும்பாலோர் பஞ்சாப் பகுதியினர். 1898-ஆம் ஆண்டில் சாவோ என்னுமிடத்தில் இரண்டு சிங்கங்கள் இருபத்தெட்டு இந்தியத் தொழிலாளரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அக்கதை நூலாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்விருப்புப்பாதை வேலையில் நோயாலும் விபத்தாலும் மாண்ட இந்தியர் ஏறத்தாழ 2,500 பேர். சிங்கத்தின் கதையை அறிந்தார் பலர். காய்ச்சலின் கதையை அறிந்தார் சிலரே.

நம் ஊரை அடுத்த நீலகிரியும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றது. மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1897 ஏப்ரல் மாதத்தில் உதகைக்கு வந்து, சீகூர்க் கணவாய்ப் பகுதியில் அந்நோயைப் பற்றி ஆராயச் சென்றார். சென்றவர் தாமே அந்நோய்க்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தவரும், 1902-இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. அந்நோயையே ஆராய்ந்த அறிஞரையும் அது விட்டிலது எனின், "நமக்குப் பழக்கந்தானே" என்பார் நிலை என்னாகும்?

இனி, செய்ய வேண்டுவனவற்றை முறையே காண்போம்.

1. ஆவணங்கள்

கடவுச்சீட்டு, திரும்பி வரும் நாளுக்கப்பாலும் ஆறு மாதங்களேனும் செல்லுபடியாவதாக இருத்தல் நன்று. வேலைக்குச் செல்வோர் வேலைக்குரிய அனுமதியுடனேயே செல்க. "சுற்றுலா விசாவில் செல்க, மற்றவற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறும் தரகரை நம்பிச் செல்வோர், அந்நாட்டுச் சட்டத்தின்முன் குற்றவாளிகளாக நிற்க நேரிடும். ஒப்பந்தத்தைப் படித்துணர்ந்த பின்னரே கையெழுத்திடுக. எல்லா ஆவணங்களுக்கும் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துச் செல்க. நைரோபி, கம்பாலா, அடிஸ் அபாபா ஆகிய தலைநகரங்களில் இந்தியத் தூதரகங்கள் உள்ளன. அவற்றின் முகவரியைத் தனியே குறித்து வைத்துக்கொள்க.

2. தடுப்பூசி

மஞ்சட்காய்ச்சல் என்பது வேறு. நாம் அறிந்த மஞ்சட்காமாலை என்பது வேறு. முன்னது ஏடிஸ் என்னும் கொசுவால் பரவுவது. அந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் அதே கொசு நம் வீட்டுத் தொட்டிகளில் வளர்கின்றது. நோயாளி ஒருவர் வந்து சேரின் தீ பஞ்சிற் பற்றுவதுபோலப் பரவக்கூடும். ஆதலின், அந்நோயுள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழின்றித் திரும்புவோரை ஆறு நாள்வரை தனித்து வைக்க நம் அரசாங்கத்திற்கு அதிகாரம் உண்டு. மேற்கூறிய மூன்று நாடுகளும் அவ்வகையின. ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாள் முதலே சான்றிதழ் செல்லும். எனவே கடைசி வாரத்தில் ஓடுவதிற் பயனில்லை. 2016 ஜூலை முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். இவ்வூசி எல்லா இடத்தும் கிடைப்பதன்று. அரசு குறித்த நிலையங்களிலேயே போடப்படும். முட்டை ஒவ்வாதவரும், கருவுற்ற மாதரும், அறுபது வயது கடந்தோரும் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

3. மலேரியா

ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் மலேரியா, பால்சிப்பாரம் என்னும் கொடிய வகையினது. அங்கே பிறந்து வளர்ந்தோர் பலமுறை நோயுற்றுத் தேறி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். கொங்குநாட்டில் வளர்ந்த நமக்கு அவ்வாற்றல் இல்லை. வெப்பநாட்டில் பிறந்தோம் என்பது கொசுவுக்குத் தெரியாது. உயரமான அடிஸ் அபாபாவில் மலேரியா அச்சம் இல்லை; நைரோபியிற் குறைவு; மொம்பாசாக் கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப்புறத்திலும் மிகுதி. செல்லுமிடத்தை மருத்துவரிடம் தெளிவாகக் கூறி, தடுப்பு மாத்திரை பெறுக. மாத்திரைக்குத் தக்கபடி, திரும்பி வந்தபின்னும் ஒரு வாரமோ நான்கு வாரமோ விடாது உட்கொள்ளல் வேண்டும். ஊர் வந்து சேர்ந்தோமென்று நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. மலேரியாக் கொசு அந்திமுதல் விடியல்வரை கடிப்பது. ஆதலின் மருந்து தோய்த்த கொசுவலையின்றி உறங்கலாகாது.

4. நீர்

குடிநீரை நன்கு கொதிக்கவைத்துப் பருகுக. தளதளவென ஒரு நிமிடம் கொதித்தாற் போதும். அடிஸ் அபாபா போன்ற, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் மூன்று நிமிடம் வேண்டும். பேதி கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகுக. 1971-இல் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலநபீஸ் இத்தகைய கரைசலால் எண்ணற்றோரைக் காத்தார்.

மற்றொன்று நம்மவர்க்குச் சிறப்பாகக் கூறற்பாலது. கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து நீந்திப் பழகியவர் நாம். அங்குள்ள ஏரிகளைக் கண்டவுடன் இறங்க மனம் விழையும். விக்டோரியா ஏரி முதலிய நன்னீர்நிலைகளில் ஒருவகை நத்தையினின்று வெளிப்படும் நுண்புழு, தோலைத் துளைத்து உட்புகுந்து பில்ஹார்சியா என்னும் நோயை விளைக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் இல்லாமையால் நம்மவர் அதனை அறியார். அந்நீரில் இறங்காமையே காப்பு.

5. சாலையும் நாயும்

உலகப் பகுதிகளுள் மக்கட்டொகைக்கேற்பச் சாலை விபத்தால் மாண்டோர் விகிதம் மிக்கது ஆப்பிரிக்கா என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இரவில் நெடுந்தூரம் செல்லற்க. வாடகை மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றி ஏறற்க. கென்யாவிலும் உகாண்டாவிலும் நம்மைப்போல இடப்புறமே செல்வர். எதியோப்பியாவிலோ வலப்புறம் செல்வர். தெருவைக் கடக்கையில் இதனை மறவற்க. நாய் கடித்தால், பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, உடனே ஊசிக்குச் செல்க. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் எழுந்த நாடு நமது. வெறிநாய்க்கடியின் கொடுமையை நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

6. பழக்கவழக்கங்கள்

எதியோப்பியரும் சுவாஹிலி மொழி பேசுவோரும் சூரியோதயம் முதலாக மணியை எண்ணுவர். காலை ஏழு மணி அவர்க்கு ஒரு மணி. நாழிகைக் கணக்கறிந்த நமக்கு இது வியப்பன்று. எனினும், சந்திப்புக்கு நேரங்குறிக்கையில் எக்கணக்கு என்று கேட்டுக்கொள்க. எதியோப்பியக் கிறிஸ்தவர் புதன், வெள்ளிக்கிழமைகளிற் பெரும்பாலும் புலால் ஒழித்து நோன்பு காப்பர்; மரக்கறி உண்போர்க்கு அந்நாட்களில் குறையில்லை. விருந்தினராகச் சென்ற நாட்டாரை இகழ்தல் ஒருபோதும் ஆகாது. அவர்தம் மொழியில் வணக்கம் கூறக் கற்றவனுக்கு ஆபத்திலும் துணைவர் உளராவர்.

இறுதியாக ஒன்று. பிரயாணம், வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதோடு முடிவதன்று. மலேரியா கடிபட்ட ஒரு வாரத்திற்குப் பின்னும், சிலபோது பல மாதங்கள் கழித்தும் வெளிப்படும். நம் ஊர் மருத்துவர் காய்ச்சலென்றவுடன் டெங்குவையோ வேறொன்றையோ நினைத்தல் இயல்பு. பால்சிப்பாரமோ ஓரிரு நாள் தாமதத்திலேயே உயிரைக் கொள்ளை கொள்ளும். ஆதலின், திரும்பி வந்த ஓராண்டுக்குள் காய்ச்சல் காணின், "யான் ஆப்பிரிக்கா சென்று வந்தேன், மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்க" என்பதையே மருத்துவரிடம் முதற்சொல்லாகச் சொல்லுக. நோயாளி நினைவிழந்து கிடப்பின் அதனைச் சொல்ல வேண்டியவர் வீட்டாரே. எனவே அவர்க்கும் இதனை முன்னரே அறிவித்து வைத்தல் மகனது கடமையாகும்.