இரவல் பொருளும் அமானிதமே



திருக்குர்ஆனின் 107வது அத்தியாயம் அல்மாஊன். ஏழே வசனங்கள் கொண்டது. தொழுகையில் அலட்சியமாக இருப்போரையும், பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக வணங்குவோரையும் கண்டித்த கையோடு, 'மாஊனை'த் தடுத்து வைப்போரையும் அதே வரிசையில் சேர்த்துவிடுகிறது.

மாஊன் என்பது எது? ஜகாத் என்று விளக்கியவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளி, சட்டி போன்றவற்றை இரவல் கொடுப்பதையே மாஊன் என்று கருதிவந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இக்ரிமா (ரஹ்) அவர்கள் இரண்டையும் இணைத்து, அதன் உச்சி ஜகாத் என்றும், அதன் கடைசிப் படி சல்லடை, வாளி, ஊசி ஆகியவை என்றும் விளக்கினார்கள். ஊசியைக்கூடச் சிறியது என்று விட்டுவிடவில்லை.

கொடுக்கத் தயங்குவது ஏன்?

ஏணி, கடப்பாரை, டிரில் மிஷின், பிரியாணி தேக்சா. இவை எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தெருவுக்கு ஓர் ஏணி போதும். ஆனாலும் கேட்டால், "வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லும் நிலைக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். எல்லாம் கஞ்சத்தனம் அல்ல. கொடுத்த பொருள் திரும்பி வராததும், வந்தாலும் உடைந்து வந்ததும் காரணம். திருப்பிக் கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் மனம் கெடும். இந்தச் சங்கடத்திற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது.

ஸஃப்வானின் கேள்வி

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றிக்குப் பிறகு ஹுனைன் போர் வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. வென்றவர் கேட்கிறார், தோற்ற ஊர்க்காரர் கொடுக்க வேண்டும். இது பறிமுதலா என்று அவர் நேராகவே கேட்டார். நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. பறிமுதல் அல்ல, பொறுப்பேற்றுக்கொள்ளும் இரவல் என்று தெளிவுபடுத்தினார்கள். பின்னர் சில கவசங்கள் தொலைந்தபோது, ஈடு தருவதாக அவர்களே முன்வந்தார்கள். அதற்குள் ஸஃப்வானின் உள்ளம் மாறியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கொடுப்பவர் தயங்காமல் கேட்டார். வாங்கியவர் மழுப்பாமல் பதில் சொன்னார். பொருள் கைமாறும் முன்பே பேசிவிட்டதால் பின்னால் பிணக்கு வரவில்லை. நம் பாடம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஃபிக்ஹில் இரவலுக்கு 'ஆரிய்யத்' என்று பெயர். இலவசமாகப் பயன்படுத்த மட்டுமே அனுமதி. பொருள் உரியவருக்கே சொந்தம். அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு வாங்கியவருடையது.

சேதமானால்? ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டால் வரும் தேய்மானத்திற்கு ஈடு இல்லை. மற்ற வகையில் அழிந்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் வாங்கியவரே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் அது கையிலுள்ள அமானிதம். வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோதான் ஈடு.

உதாரணமாக, செங்கல் சுவரில் அலமாரி மாட்டுவதற்கென்று டிரில் மிஷின் வாங்குகிறீர்கள்.

1. அந்த வேலையிலேயே அதன் கார்பன் பிரஷ் தேய்ந்தது: இரு மத்ஹபிலும் ஈடு இல்லை.
2. சொல்லாமல் கொள்ளாமல் கான்கிரீட் தளத்தைத் துளைத்து மோட்டார் எரிந்தது: இரு மத்ஹபிலும் நீங்களே பொறுப்பு.
3. பூட்டிய வீட்டிலிருந்து திருடுபோனது: ஷாஃபிஈயில் ஈடு உண்டு, ஹனஃபியில் இல்லை.

வாங்கிய பொருளை உரியவரைக் கேட்காமல் மூன்றாமவருக்குக் கொடுப்பதே பல தகராறுகளுக்கு வேர். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதியே இல்லை. மச்சான் கேட்டாலும், "இது என்னுடையது அல்ல, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

கொடுப்பவர்: எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பொருளில் முன்பே கோளாறு இருந்தால் சொல்லிக் கொடுங்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் 5 திர்ஹம் மதிப்புள்ள ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்கும்போதெல்லாம் அதை இரவல் கேட்டு ஆள் வந்ததாக புகாரியில் உள்ளது.

வாங்குபவர்: வேலை முடிந்த அன்றே, துடைத்து, உரியவர் வீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். உடைந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி அஸ்மாவிடம் இரவல் வாங்கிய கழுத்துமாலை பயணத்தில் தொலைந்தபோது, அதைத் தேட நபி (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பினார்கள். திருப்பித் தரும்போது நல்ல வார்த்தையும் சேரட்டும். அபூதல்ஹாவின் குதிரையை இரவல் வாங்கி ஓட்டிவந்த நபி (ஸல்) அவர்கள், அதன் வேகத்தைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள்.

இன்றே செய்ய வேண்டியது

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58வது வசனம் கட்டளையிடுகிறது. பரண், மாடிப்படிக்கு அடியில், வண்டிப் பெட்டி என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பிறருடைய ஸ்பேனரோ கரண்டியோ கிடைக்கலாம். உரியவர் மவுத்தாகியிருந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. உடனே கொடுக்க முடியாதவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டாருக்குத் தெரியும்படி வையுங்கள். நமக்கு மவுத் வந்தால், எது யாருடையது என்று தெரியாமல் பிள்ளைகள் அதையும் பாகம் பிரித்துவிடக் கூடாது.